ஒரே சீட்டில் இரண்டு உயரம்

செங்கல்பட்டில் சவப்பெட்டிக் கடையில் அளவு கேட்டார்கள். நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர் என்றேன்.

"அடியில சொல்லுமா."

"ஆறடி மூணு அங்குலம்."

"செருப்போடயா?"

இல்லை என்றேன். தோள் அகலம் கேட்டார். நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அதையும் யோசிக்காமல் சொன்னேன். கடைக்காரர் பென்சிலை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அப்பாவின் அளவுகள் எல்லாம் என் போனில் இருந்தன. போன வருடம் அவருக்கு பைக் வாங்குவதற்காக எடுத்தவை.

அப்பா பெயர் ஏசுபாதம். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் திருக்கழுக்குன்றத்தைச் சுற்றி மற்றவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இருவரும் ஐந்தரை அடியைத் தாண்டியதில்லை. இவருக்கு மட்டும் இந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிளஸ் டூ முடித்துவிட்டு வாரியத்தில் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் நடக் குழி தோண்டினார். முதல் நாளே "போஸ்ட்டு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலை நிரந்தரமானது. உள்தேர்வு எழுதிக் கணக்கீட்டாளர் ஆனார். பழைய வீடுகளில் மீட்டர் கதவுக்கு மேலே இருக்கும். மற்றவர்கள் ஸ்டூல் கேட்பார்கள். அப்பா நின்றபடியே படிப்பார்.

"என் படிப்பு பிளஸ் டூ. ஆனா தகுதி ஆறடி மூணு," என்பார்.

அவருடைய பகுதி மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கடலோரமாக தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். ஒவ்வொரு தெருவிலும் ஏறி இறங்க வேண்டும். 2003இல் வாங்கிய ஹீரோ ஹோண்டாவில் போனார். அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் டேங்குக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வளைவில் திரும்பும்போது ஹேண்டில் காலில் இடிக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு மடக்கி வைத்த ஸ்டூல் ஒன்று தானாக வண்டி ஓட்டிப் போவது போலத் தெரியும். நான் சொல்லவில்லை, அம்மா சொன்னது.

ஐம்பத்தாறு வயதில் வலது முழங்கால் வீங்கியது. முதுகிலும் வலி. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். காலை இப்படி மடக்கி வைத்து இன்னும் ஓட்டினால் ஓராண்டில் ஓட்டவே முடியாது. வண்டியை விடுங்கள், இல்லையென்றால் வண்டியை மாற்றுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை கேட்டு வாங்க அவரே சான்றிதழ் தருவதாகவும் சொன்னார். ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "ஆபீசுல கீற நாற்காலிய நீ பாத்துக்கீறியா? அதுக்கு அந்த வண்டியே மேலு."

"விளையாடாதப்பா."

"வெளாட்டு இல்ல ஜெனி. நான் உக்கார்ற வேலைக்குப் போவ மாட்டேன். வேற இன்னா வோணா செய்யி."

நான் மறைமலை நகருக்கு அருகில் கார் இருக்கைகள் செய்யும் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். உட்கார்ந்த மனித உடம்புதான் என் தொழில். நூறு ஆண்களை நிறுத்தினால் தொண்ணூற்றைந்து பேருக்குப் பொருந்துவதுபோல் இருக்கை செய்வோம். மீதி ஐந்து பேரை விட்டுவிடுவோம். அப்பா அந்த ஐந்தில் ஒருவர். வேறு இன்னா வோணா செய்யி என்று அவர் சொன்னதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அளவெடுத்தேன். காலின் உள்நீளத்துக்குச் சுவரோரம் நிற்க வைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில் மேலே வரை இறுக்கி வைத்து, தரையிலிருந்து அளக்க வேண்டும். மேசையில் இருந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்தேன்.

"அடிப்பாவி! வேதத்தையா அங்க வெப்ப?"

என் வெப்ப இயக்கவியல் பாடப் புத்தகத்தை வைத்து அளந்தோம். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். பிறகு ஹீரோ ஹோண்டாவில் உட்கார வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்து முழங்கால் கோணத்தைக் கணக்கிட்டேன். அறுபத்தேழு பாகை. குறைந்தது தொண்ணூறு வேண்டும். வண்டியின் சீட் உயரம் தயாரிப்பாளர் சொல்வதைவிட நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது. 'இருபது வருட நுரை, அமுங்கிவிட்டது' என்று குறித்துக்கொண்டேன். நுரையில் பத்தாண்டு வேலை செய்கிறவள் நான். அமுங்கிய நுரை எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. சாலையில் ஷோரூம்களைச் சுற்றினோம். அம்மா வரவில்லை. அம்மா ரெஜினா பட்டிபுலத்தில் ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே படுக்கை விரிப்புகள் மலைபோலக் குவியும். அவருக்குச் செவ்வாய் விடுமுறை. மற்ற நாட்களில் அப்பா தன் பகுதிக்குப் போகும் வழியில் காலை எட்டுக்கு அவரை இறக்கிவிடுவார், மாலை நான்கு மணிக்கு ஏற்றிக்கொள்வார். பதினேழு கிலோமீட்டர் போக, பதினேழு வர. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அளவுப் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

விற்பனையாளர் ரோஹித் உற்சாகமான ஆள். முதலில் தாழ்வான க்ரூசர் பைக் ஒன்றைக் காட்டினார். அப்பா காலைத் தூக்கிப் போட்டார்.

"சார், ரெண்டு காலும் ஃபிளாட்டா தரையில இருக்கு பாருங்க. என்ன சார் ஃபீல் பண்றீங்க?"

"நான் இன்னும் உக்காரல தம்பி. நின்னுகினு கீறேன். நடுவுல வண்டி கீது."

ஆனால் அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. பின்சீட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இது நல்லாத்தான் கீது," என்றார். நான் மறுத்தேன். காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தால் எடை முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். எடையும் அதிகம், ஒரு நாளைக்கு இருநூறு முறை நிறுத்தி எடுக்க முடியாது. காரணங்களை வரிசையாகச் சொன்னேன். அப்பா இறங்கிவிட்டார்.

பிறகு மலைப்பாதைக்கும் மண்பாதைக்கும் என்று விற்கும் உயரமான இருநூறு சிசி வண்டி. அப்பா அதில் உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது. கை இயல்பாக விழுந்தது. தரையில் மண்டியிட்டுக் கோணம் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. அவர் தனக்குச் சரியான ஒரு பொருளில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அப்பா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு மேலே, வால்போல் தூக்கிக்கொண்டிருந்தது.

"லேடீஸ் புட்ரெஸ்ட் போடுவீங்களா?"

ரோஹித் சிரித்தார். "அதைப் போட்டா வண்டி லுக்கே போயிடும் சார். இதுல எல்லாம் ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காருவாங்க."

அப்பா இறங்கினார். "வோணாம்மா."

"ஏம்ப்பா?"

"கலரு நல்லா இல்ல."

"கறுப்பு இருக்கு சார், நீலம் இருக்கு," என்றார் ரோஹித்.

"சத்தம் ஜாஸ்தி."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலப்பா!"

அப்பா வெளியே நடந்தார். ஷோரூம் வாசலில் வைத்து நான் கத்தினேன். வேண்டுமென்றே காலைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றேன். விலையைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா என்றேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கோபமாக இருக்கும்போது முதலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். அப்புறம் யார் சொல்வதும் காதில் விழாது.

புதிய வண்டி வேண்டாமென்றால் பழைய வண்டியையாவது உயர்த்தலாம். அடுத்த சனிக்கிழமை அவருக்குச் சொல்லாமல் ஹீரோ ஹோண்டாவின் சீட்டைக் கழற்றி, திருக்கழுக்குன்றத்தில் பக்தவத்சலம் வைத்திருக்கும் குஷன் கடைக்கு எடுத்துப் போனேன். ஐந்து சென்டிமீட்டர் நுரை ஏற்ற வேண்டும் என்றேன்.

அவர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாமா இது கூத்து. அப்பன் வெட்டுன்றாரு, பொண்ணு ஒட்டுன்றா."

"யார் வெட்டச் சொன்னது?"

"அண்ணாத்ததான். மூணு தபா வெட்டிக்கீறேன் இத. மொத தபா ஒங்கம்மா கீழ வுந்து கை ஒடிஞ்சாங்களே, அப்போ. அப்பால ரெண்டு தபா. பின்பக்கம் மட்டும் வெட்ட முடியாதுண்ணே, ஒரே சீட்டு, சரிவாயிடும், அவங்க வழுக்கி ஒன் முதுகு மேல வந்துகினே இருப்பாங்க, முன்பக்கமும் சேத்து எறக்கணும், ஒனக்குத்தான் பேஜாருன்னு சொன்னேன். எறக்குடான்னாரு."

கவரைப் பிரித்துக் காட்டினார். நுரை அமுங்கியிருக்கவில்லை. ரம்பத்தால் அறுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. நாற்பத்து நான்கு மில்லிமீட்டர்.

அம்மாவின் உயரம் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். அதை அன்று வீட்டுக்குப் போய்த்தான் அளந்தேன். விடுதியில் சீருடைச் சேலை. ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். 2009இல் விடுதி வாசலில் ஏறும்போது எக்கி, வழுக்கி, விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வண்டியில் ஏறுவது எளிதாக இருந்ததாம். அதற்குப் பிறகும் வயது ஏற ஏற வண்டி தாழ்ந்துகொண்டே வந்ததாம்.

"சீட்டு தேஞ்சி போச்சுன்னு இல்ல நெனச்சேன்," என்றார் அம்மா. என்னைப் போலவே. பிறகு அப்பாவிடம் திரும்பினார். "ஏங்க, நான் குள்ளம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் பஸ்ஸுல போயிருக்க மாட்டேனா? காலை ஒடச்சிக்கினு நிக்கிறீங்களே!"

"பஸ்ஸு தேவனேரியில நிக்குது, பட்டிபுலத்துல நிக்கல."

"அது பத்து வருசத்துக்கு முன்ன. இப்போ நிக்குது. ஜெனி, ஒங்கப்பனுக்கு ஏத்த வண்டியா வாங்கு. நான் பஸ்ஸுல போறேன்."

"அப்போ நானும் பஸ்ஸுல போறேன். மீட்டர ஜன்னல் வழியா படிக்கிறேன்."

"லூசு மாதிரி பேசாதீங்க."

"இன்னாத்துக்குப் பஸ்ஸு? வண்டி ரெண்டு பேருக்குன்னு கம்பெனிக்காரனே எழுதிக்கீறான். இவ எனக்கு மட்டும் அளவெடுத்துகினு வந்து நிக்கிறா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மறுத்தது வண்டியையோ விலையையோ அல்ல. அலுவலக வேலையை மறுத்ததும் நாற்காலிக்காக அல்ல. அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குப் போய் ஆறு மணிக்கு வர வேண்டும். காலை எட்டும் மாலை நான்கும் அதில் வராது.

நான் செய்கிற கார் இருக்கையில் ஒருவர்தான் உட்காருவார். அந்தப் பழக்கத்தில் கணக்குப் போட்டிருந்தேன். திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். இந்த முறை இரண்டு உடம்பு, நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த உயரமான இருநூறு சிசியையே வாங்கினோம், நீல நிறம். சீட்டைப் பக்தவத்சலமும் நானும் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து செய்தோம். நடுவில் ஒரு படி. முன்பக்கம் மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினோம். பின்பக்கம் அடிச்சட்டம் வரை நுரையை இறக்கி, சரிவை எதிர்ப்பக்கம் திருப்பினோம். இடது பக்கம் தரையிலிருந்து இருபத்தெட்டு சென்டிமீட்டரில் ஒரு அகலமான இரும்புப் பலகை, ஒரு முழுக் காலும் வைக்கிற அளவு. பிடித்து ஏற ஒரு கைப்பிடி. ஹேண்டிலை நான்கு சென்டிமீட்டர் உயர்த்தினோம்.

"இது வண்டியா, பஸ்ஸா?" என்று பக்தவத்சலம் கேட்டார். ரோஹித் பார்த்தால் அழுதிருப்பார்.

முதல் நாள் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன், போனை முன்னால் மாட்டிப் படம் எடுத்தபடி. அம்மா பலகையில் கால் வைத்தார், கைப்பிடியைப் பிடித்தார், உட்கார்ந்தார். பேருந்தில் ஏறுவதுபோல் ஏறினார். பூஞ்சேரிக்கு முன்னால் வண்டி மெதுவானபோது பக்கத்தில் போனேன்.

"எப்படிமா இருக்கு?"

"ஏறத்துக்கு நல்லா கீது. ஆனா முன்னாடி ஒண்ணுமே தெரியல. ஒரே முதுகு."

அப்பா திரும்பாமல் சொன்னார்: "இருவது வருசமா ரோட்டப் பாத்துகினு வந்தியே, இன்னா கண்ட?"

பதினோரு மாதம் ஓட்டினார். பதினான்காயிரத்து இருநூறு கிலோமீட்டர். வாரத்துக்கு ஒருமுறை வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பேன். ஆறில் தொடங்கி நான்கு, மூன்று என்று இறங்கியது. ஆகஸ்டுக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன். மருத்துவர் சான்றிதழ் தேவையில்லை என்றார்.

இந்த பிப்ரவரியில், நெம்மேலியில் விஜயகுமாரி என்பவரின் வீட்டில், காலை பதினொன்று இருபதுக்கு மீட்டர் படித்துப் போனில் ஏற்றினார். தண்ணீர் கேட்டார். படியில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வரும்போது முடிந்துவிட்டது. இதயம். முழங்காலுக்கும் வண்டிக்கும் இதில் தொடர்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை என்றார். இன்னொரு மருத்துவரிடமும் கேட்டேன்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் விஜயகுமாரி போனில் கூப்பிட்டார். "வண்டி எங்க வாசல்லயே நிக்குதுமா. சாவி என்கிட்ட கீது. ஒங்கப்பா ஆபீஸ் ஆளு ஒருத்தர் வந்தாரு. ஏறினாரு, காலு எட்டல, எறங்கிட்டாரு."

அந்த ஆள் அப்பாவுடன் வேலை செய்த ஜெபசிங். ஐந்தடி ஆறு. பக்தவத்சலம் டாடா ஏஸில் ஏற்றி வருவதாகச் சொன்னார். "ஒனக்கு எட்டாது பாப்பா. நம்மதானே செஞ்சோம், தெரியாதா?"

தெரியும். சீட் உயரம் எண்ணூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். என் காலின் உள்நீளம் எழுநூற்று எழுபது. கல்லூரிக் காலத்தில் ஹீரோ ஹோண்டா ஓட்டியிருக்கிறேன். நானே போகிறேன் என்றேன். ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏஸில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவர எனக்குப் பிடிக்கவில்லை.

நெம்மேலிக்குப் பேருந்தில் போனேன். விஜயகுமாரி வண்டியைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். அவர் வீட்டுப் படியில் நின்றபடி வண்டியில் ஏறினேன். கீழே கால் எங்கும் படவில்லை. கியர் போட்டு நகர்ந்துவிட்டேன்.

நகர்ந்த பிறகு எல்லாம் தூரமாக இருந்தது. ஹேண்டிலைப் பிடிக்க உடம்பை முன்னால் சாய்த்துக் கையை முழுவதும் நீட்ட வேண்டியிருந்தது. பிரேக்கை விரல் நுனிகளால்தான் தொட முடிந்தது. கண்ணாடிகளில் சாலை தெரியவில்லை, வானம் தெரிந்தது. அவர் கண் இருந்த உயரத்துக்கு வைத்தவை. நிறுத்தித் திருத்த வழியில்லை. நிறுத்தினால் விழுவேன்.

பட்டிபுலத்தில் விடுதி வாசலைக் கடந்தேன். காவலாளி வண்டியைப் பார்த்துப் பழக்கத்தில் எழுந்து நின்றார். தேவனேரி. மாமல்லபுரம். பூஞ்சேரி சந்திப்பில் சிவப்பு விளக்கு. வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, முதல் கியரில் ஊர்ந்து வந்தேன். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். பச்சை விழுந்தது.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அம்மா வாசலில் இருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன்.

"புடிமா! புடி!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து பின்னால் இருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, வண்டியைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டார். சலவைக்கூடத்தில் ஈரத் துணி தூக்கிய கைகள். வண்டி அசையவில்லை. நான் மெல்லச் சறுக்கி இறங்கினேன்.

"காலு எட்டிச்சா?"

"இல்லமா."

"அப்போ எங்க நிறுத்தின?"

"எங்கயும் நிறுத்தல."

"பட்டிபுலத்துலயுமா?"

"அங்கயும் நிறுத்தலமா."

அம்மா தலையை ஆட்டினார். ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடியே, காலால் சைடு ஸ்டாண்டைத் தேடித் தட்டிவிட்டார்.